எட்டு வெள்ளி

ஆறாம் கட்டைத் தமிழ்ப்பள்ளியில்
பயிற்றுப்பணி பார்த்துவிட்டுத் திரும்புகையில்
பின்சக்கரம் மூச்சை விட்டது.
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
உதிர்த்துப்போன ஏதோ ஓர் ஆணி.
அபாய விளக்கைச் சிமிட்டியபடி
பீடோங் வரை ஊர்ந்து வந்தேன்.

பக்கத்து இருக்கையில்
யுகேஸ்வரியின் மதிப்பீட்டுத் தாள்.
இருபத்தேழு கட்டங்கள். எல்லாம் நான் வரைந்தவை.
பீடிகை ஐந்து நிமிடம்,
குரலின் ஏற்ற இறக்கம்,
வெண்பலகையில் எழுத்து நேர்த்தி,
பதினான்காவது,
கேள்விக்குப் பின் காத்திருப்பு நேரம்: மூன்று விநாடி.
அந்த மூன்றை வைத்துத்தான் முனைவரானேன்.
அந்த மூன்றைச் சொல்லித்தான் பேராசிரியரானேன்.
இப்போது விரிவுரையாளர்களுக்கே சொல்லித்தருகிறேன்,
தங்குவிடுதி மண்டபங்களில்,
குளிர்சாதனத்துக்கும் கறிபாப்புக்கும் நடுவே.

டயர் கடையின் பெயரை நான் படிக்கவில்லை.
கல்லாவில் இருந்தவன் எழுந்து
"பசியாறிட்டீங்களா டாக்டர்?" என்றபோதுதான்
முகம் வந்தது.
பெயர் வர இன்னும் நேரமாயிற்று.

குணாளன்.
இரண்டாயிரத்து மூன்று. நான்காம் ஆண்டு. பின்னம்.
முக்காலில் பாதி எவ்வளவு என்று
ஒரு பையனைக் கேட்டுவிட்டு நின்றான்.
நின்றுகொண்டே இருந்தான்.
என் கைக்கடிகாரத்தில் நாற்பத்தொரு விநாடி.
பையன் கூரையைப் பார்த்தான், விரல்களைப் பார்த்தான்,
பின்னால் யாரோ சிரித்தார்கள்,
மணி அடித்துவிட்டது.
பாடத்தின் முடிவுக்கு அவன் வரவே இல்லை.
'நேர மேலாண்மை மிகக் குறைவு.
மீண்டும் செய்ய வேண்டும்.'
சிவப்பில் அல்ல, நீலத்தில்தான் எழுதினேன்.
மீண்டும் செய்ய அவன் வரவில்லை.

பையன் விடை சொன்னானா?
தெரியாது.
நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

இங்கே ஷபிக்குல்,
குணாளனைவிட ஏழெட்டு வயது மூத்தவர்,
வேலைக்குச் சேர்ந்து மூன்று நாளாம்,
டயரைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிச் சுற்றுகிறார்.
குமிழியை நான் பார்த்துவிட்டேன்.
குணாளனும் பார்த்துவிட்டான்.
அவர் பார்க்கவில்லை.
ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
'அதோ' என்பது என் தொண்டை வரை வந்து நின்றது.
குணாளன் தாடையைச் சொறிந்தபடி
சாலையைப் பார்த்து நின்றான்,
வேறு வேலையே இல்லாதவன் போல.
எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை.
ஐம்பத்திரண்டில்
ஷபிக்குலின் கை நின்றது.
குனிந்தார்.
தண்ணீர் ஏதோ சொல்வதுபோல் காதைக் கிட்டே கொண்டுபோனார்.
பிறகு சுண்ணக்கட்டியை எடுத்து
ஒரு வட்டம் போட்டார்.
"பாகுஸ்" என்றான் குணாளன்.
அவ்வளவுதான்.

"எட்டு வெள்ளி, டாக்டர்."
பத்தை நீட்டி, மீதி வேண்டாம் என்றேன்.
இரண்டு வெள்ளியை என் கையில் வைத்தான்,
ரசீதையும்.
பழையதை எடுப்பான் என்று காத்திருந்தேன்.
எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.
கடை அப்பாவுடையதா, அவனே போட்டதா,
அதைக்கூடக் கேட்கவில்லை.

காருக்குள் தாளை எடுத்தேன்.
பதினான்காவது கட்டம் மட்டும் காலி.
யுகேஸ்வரி இன்று சரியாக மூன்றாவது விநாடியில்
விடையைத் தானே சொல்லிவிட்டாள்,
ஒரு கண் பிள்ளைகள்மேல்,
ஒரு கண் கடைசி வரிசையில் இருந்த என்மேல்.
'மிகச் சிறப்பு' என்று போட இருந்தேன்.

நாளை அலோர்ஸ்டாரில் நாற்பது விரிவுரையாளர்கள்.
திரையில் பதினோராவது படம்: மூன்று விநாடி.
அழிக்கப்போவதில்லை. அது பொய்யான எண் அல்ல.
ஆனால் அதைக் காட்டிவிட்டு
ஒரு கேள்வி கேட்பேன்.
கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.
இருமட்டும். கைப்பேசியை நோண்டட்டும்.
கறிபாப் ஆறிப்போகட்டும்.

முக்காலில் பாதி.
அந்தப் பையனுக்கு இப்போது
முப்பது தாண்டியிருக்கும்.